பாம்புக்குப் பயந்து வாங்கிய பல்ப்

"வெள்ளையோ மஞ்சளோ அக்கா?" என்று கிளிநொச்சியில் கடைக்காரர் கேட்டார்.

"வீட்டுப் பின்வளவிலை பாம்புப் பயம். ஆக வெளிச்சமான வெள்ளையைத் தாங்கோ," என்றேன்.

சமைக்கிற குசினிக் கதவுக்கு வெளியே அதை மாட்டினோம். மழை விட்டதும் ஈசல் வந்து மொய்த்தது. ஈசலைத் தின்னத் தேரைகள் படியடிக்கு வந்தன. அருவருப்போடு கூட்டித் தள்ளினேனே தவிர, யோசிக்கவில்லை.

ஒருநாள் பொழுதுபட, மகள் செருப்புப் போடப் படியில் இறங்கினாள்.

"அசையாதை பிள்ளை!" என்று கணவர் கத்தினார்.

செருப்புக்குப் பக்கத்தில் நாகபாம்பு ஒன்று தேரையை விழுங்கிக்கொண்டிருந்தது. அதன் வாய் நிறைந்திருந்ததால்தான் என் பிள்ளை தப்பினாள்.

இப்போது வெளியே பூச்சி அதிகம் அண்டாத மங்கல் மஞ்சள்தான். ரோச் லைட் அடித்துப் பார்க்காமல் ஒருவரும் கால் வைப்பதில்லை. அந்த வெள்ளை பல்ப் குசினிக்குள் எரிகிறது. அதைப் போடமுன் யன்னலைச் சாத்திவிடுகிறேன்.