அசோக்குமார் குறைத்த வேகம்

அசோக்குமாருக்கு 'முடியாது' என்ற சொல் நாக்கில் ஏறாது. திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவன் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் கடைக்கு, தண்ணீரில் விழுந்து செத்துப்போன லேப்டாப்பைக் கொண்டுபோனாலும் "நாளைக்குப் பாத்துடலாங்க" என்பான். நாளைக்குப் போனால் நாளன்றைக்கு. இருந்தும் ஊரில் அவனைப் பொய்யன் என்று யாரும் சொன்னதில்லை. எதிரில் இருப்பவர் முகம் வாடினால் அவனுக்குச் சோறு இறங்காது, பாவம் நல்ல மனசு என்பார்கள். நல்ல மனசு செய்கிற அக்கிரமத்தைப் பற்றி ஊருக்கு என்ன தெரியும்?

அவன் அக்கா புவனாவின் கணவர் துளசிங்கம், ஆட்டோக்காரர். ஸ்டேஷனுக்கும் மலைக்கோயிலுக்கும் இருபத்து மூன்று வருஷமாகச் சவாரி. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில்கூட ஒரு காவடியையும் உரசாமல் வண்டியை வளைத்து எடுத்துவிடுவார். போன வருஷம் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். பேச்சு திரும்பியது, நடையும் ஒரு மாதிரி திரும்பியது. வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்தது. கை சரியாகிற வரைக்கும் வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பயிற்சிக்காக ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். தினம் நூறு முறை அழுத்த வேண்டும். மூன்றாம் நாள் பந்து சாக்கடையில் கிடந்தது. "நா இன்னா கொழந்தையா, பந்து வெச்சினு வெளையாட?" என்று கத்தினாராம். புவனா தம்பிக்குப் போன் போட்டு அழுதாள்.

அப்போதுதான் அசோக்குமாருக்கு அந்தப் பழைய கார் ஆட்டம் நினைவுக்கு வந்தது. இருபது வயதில் அவன் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போன துளசிங்கம், மறுநாளே மச்சானைப் பார்க்கும் சாக்கில் அந்த சென்டருக்கு வந்து உட்கார்ந்தார். வந்தது அக்காவின் சம்மதத்தைத் தெரிந்துகொள்ள, மாட்டிக்கொண்டது ஆட்டத்தில். பச்சைக் கார் ஒன்றை அம்புக்குறி பட்டன்களால் இப்படியும் அப்படியும் ஒதுக்கி, எதிரே வரும் வண்டிகளில் மோதாமல் ஓட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். துளசிங்கம் ஒன்பதாயிரத்து நானூறு வரை போனார். கல்யாணத்துக்கு வந்தவர்களிடம்கூட அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்து ஆட்டம் இந்தக் காலத்து லேப்டாப்பில் நேராக ஓடாது. எமுலேட்டர் என்று ஒரு மென்பொருள் வேண்டும். புது லேப்டாப்புக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர் உட்கார்ந்திருப்பது போல அது நடிக்கும். அந்தப் பழைய கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதை நாம்தான் ஓர் எண்ணால் சொல்ல வேண்டும். இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் எண் இறங்கும், ஆட்டமும் மெதுவாகும்.

முதல் நாள் அன்றைய வேகத்திலேயே வைத்துக் கொடுத்தான். துளசிங்கத்தின் முகம் மலர்ந்தது. "டேய், இன்னும் கீதாடா இது!" என்று வலது கையைத் தூக்கிப் பட்டன்மேல் வைத்தார். ஆயிரத்து இருநூறில் கார் மோதியது. திரும்பவும் ஆடினார். அதற்கும் கீழே. வலது கையை இடது கையால் எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"எடுத்துனு போ மச்சான் இத" என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால் அசோக்குமார் தாங்கியிருப்பான்.

மறுநாள் வீட்டுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்து வைத்திருந்தான். இசை இழுத்தால் தெரிந்துவிடுமே என்று சத்தத்தை நிறுத்தினான். "ஸ்பீக்கர் அவுட்டு பாவா" என்று அக்கா புருஷனிடம் சொன்னான். திரையில் எண் தெரியாதபடி ஆட்டத்தைப் பெரிதாக்கினான். அன்று இரண்டாயிரம் வந்தது. கை பழகியதும் வேகத்தை மெல்ல ஏற்றிவிடலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் ஸ்கோர் ஓரிடத்தில் நின்று பாவா முகம் சுருங்கும்போதெல்லாம், வயரைச் சரி செய்கிற மாதிரி குனிந்து இன்னும் கொஞ்சம் குறைத்தான். ஒரு நாள்கூட ஏற்றவில்லை.

நாலு மாசத்தில் துளசிங்கம் வேறு ஆளாகிவிட்டார். சட்டைப் பட்டனைத் தானே போட்டார். வலது கையாலேயே சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். "இப்பல்லாம் எதுர்ல வண்டி வர்றது முன்னாடியே தெரியுது மச்சான். கண்ணு தெளிஞ்சிடுச்சி" என்று சொல்லும்போது அசோக்குமார் தரையைப் பார்த்தான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒன்பதாயிரத்து அறுநூறு வந்தது. துளசிங்கம் எழுந்து நின்றுவிட்டார்.

"பழைய நெம்பர தாண்டினா வண்டிய எடுக்கணும்னு மனசுல வெச்சிருந்தேன். யார்கிட்டயும் சொல்லல. திங்கக்கெழம சௌமியாவ நாந்தான் ஸ்டேஷன்ல வுடப் போறேன்."

சௌமியா அவர் மகள். அரக்கோணத்தில் காலேஜில் முதல் வருஷம். புவனா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னா மச்சான், ஒண்ணும் சொல்ல மாட்டேன்ற?" என்றார் துளசிங்கம்.

"ஆங் பாவா. ரொம்ப சந்தோஷம்" என்றான் அசோக்குமார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த வாயை அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு யோசனை வந்தது. ஆட்டோவின் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டால்? திங்கள் தள்ளிப்போகும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். புத்தி அதே சந்துக்குள்தான் போகிறது பாருங்கள். மத்தியானம் போய் வண்டிக்குப் பின்னால் குனிந்து வயரில் கையும் வைத்துவிட்டான். அப்போது சௌமியா ஈரத்துணியோடு கண்ணாடி துடைக்க வந்தாள்.

"மாமா, நாளைக்கி என் பிரண்ட்ஸ் ரெண்டு பேரும் நம்ம வண்டிலதான் வர்றாங்க. நைனாவே கூட்டினு வரச் சொன்னாரு" என்றாள்.

அசோக்குமார் அவளை நிமிர்ந்து பார்த்தான். தாய்மாமன்! இந்தப் பெண்ணுக்குக் காது குத்தும்போது மடியில் உட்கார வைத்துக்கொண்டவன். அவன் வயரை விட்டுவிட்டு உள்ளே போனான்.

"பாவா, ஆட்டத்த மெதுவா வெச்சிருந்தேன்."

துளசிங்கத்துக்குப் புரியவில்லை. "இன்னா மெதுவா?"

அவன் லேப்டாப்பைத் திறந்து, வேகத்தைப் பழைய எண்ணுக்கு ஏற்றி, அவர் முன்னால் தள்ளினான். அதற்கு மேல் வாயால் விளக்க அவனுக்குத் தெம்பு இல்லை. துளசிங்கம் ஆடினார். மோதியது. மறுபடி ஆடினார். ஆயிரத்து ஐந்நூறு. புவனாவும் சௌமியாவும் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மொத நாளு எவ்ளோ வந்துச்சி?"

"ஆயிரத்து எறநூறு, பாவா."

துளசிங்கம் லேப்டாப்பை மூடினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஆட்டோ சாவியை எடுத்து மகளிடம் நீட்டினார். "நா வுழுந்தப்ப கூட இப்டி அசிங்கப்படலடா" என்றார். அசோக்குமார் பக்கம் திரும்பவேயில்லை.

ஒரு பெரிய ஆபத்து நீங்கியது என்று அவன் நிம்மதியாக இருந்திருக்கலாம். மூன்று வாரம் கழித்து புவனா கடைக்கே வந்தாள். பிரின்ட் எடுக்க நின்றவர்கள் போகும்வரை காத்திருந்தாள்.

"கைய மடிலயே போட்டுனு குந்திகினு கீறாரு. எடது கைல ஸ்பூன் புடிச்சி துன்றாரு. நாந்தான் பட்டன் போட்டு வுட்றேன்" என்றாள். "நீ பொய் சொன்னப்ப கையால துன்னாரு. நெசம் சொன்ன, நின்னு போச்சி. உன்ன எதுக்குத் திட்றதுன்னே தெரிலடா எனக்கு."

திட்டியிருக்கலாம். அவள் போனதும் அவன் கதவை இழுத்துச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதான். சரியான வேகத்திலேயே வைத்து, மோத மோத பக்கத்தில் உட்கார்ந்து, அவர் திட்டினால் வாங்கிக்கொண்டு இருந்திருந்தால் அந்தக் கை உண்மையாகவே தேறியிருக்குமோ என்னவோ. நாலு மாசத்தைத் திருடிவிட்டோம் என்ற நினைப்பு அவனைப் பிடித்துக்கொண்டது. அதன்பிறகு கடைக்கு வருகிறவர்களிடம் "இது தேறாதுங்க" என்று சொல்லப் பழகினான். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். போகட்டும் என்றிருந்தான்.

ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கி வைத்தவள் சௌமியா. எப்படிச் சம்மதிக்க வைத்தாளோ தெரியவில்லை. காலேஜிலிருந்து வந்ததும் அப்பாவோடு உட்கார்ந்துவிடுவாள். திரையைச் சின்னதாக்கி, மேலே வேகத்தின் எண் தெரிகிற மாதிரி வைத்திருந்தாள். லேப்டாப் அங்கேயே இருந்தது. அசோக்குமாரை யாரும் கூப்பிடவில்லை.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு நாள் பொரி உருண்டை கொடுக்கும் சாக்கில் அவனே போனான். "வா" என்றாள் புவனா. துளசிங்கம் நிமிரவில்லை, ஆடிக்கொண்டிருந்தார். விரல்கள் தடுமாறின, ஆனால் நிற்கவில்லை. அசோக்குமார் அவர் முதுகுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டாயிரம் தாண்டியது. இரண்டாயிரத்து அறுநூறில் கார் மோதியது. அவன் மேலே இருந்த எண்ணைப் பார்த்தான். அதே பழைய வேகம், இம்மி குறையவில்லை.

"பாவா! ரெண்டாயிரத்து அறநூறு! நெசமாவே உங்க கைதான் பாவா, கை வந்துகினு இருக்குது" என்றான்.

துளசிங்கம் அவனைத் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு நேராகப் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நெசமா?"

"நெசந்தான் நைனா" என்றாள் சௌமியா.

அப்போதுதான் அவர் சிரித்தார்.