சத்திரத்துப் பாட்டு

ஒலியைக் குறைத்து வைத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து, யாரோ கண்ணாடித் தம்ளரைக் கரண்டியால் மெல்லத் தட்டுவது போல ஒரு மெட்டு வரும். அவசரமே தெரியாத மெட்டு. மூன்று நான்கு சுரங்கள் மேலே ஏறும், ஏறிய களைப்பில் சற்று நிற்கும், பிறகு வந்த வழியாகவே இறங்கிவிடும். அடியில் கனத்த ஒலி ஒன்று தூக்கக் கலக்கத்தில் தலையாட்டுவது போல விட்டுவிட்டுக் கேட்கும். நாங்கள் அதற்கு "சத்திரத்துப் பாட்டு" என்று பெயர் வைத்திருந்தோம். பாட்டு என்று சொன்னாலும் அதில் சொல் கிடையாது, பாடியவர் கிடையாது. ஏதோ ஒரு வீடியோ கேமுக்காக ஜப்பான்காரர் ஒருவர் போட்ட இசை அது. யார் அவர் என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஆனால் ஒரு வருடம் எங்கள் வீட்டில் மனிதக் குரலுக்கு அடுத்தபடியாக அதிகம் கேட்ட சத்தம் அதுதான்.

காரைக்குடியில் அப்போது ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். முன்கட்டுப் பூட்டியே கிடக்கும். எங்களுக்கு நீளமாக ஓர் அறையும், சமைப்பதற்கு அதை ஒட்டிய தாழ்வாரமும். அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தார். ஒருமுறை விடுமுறையில் வந்தபோது, பழைய சாமான் விற்கும் சந்தையில் வாங்கியதாகச் சொல்லி ஒரு கேம் பெட்டியையும் ஒரே ஒரு கேசட்டையும் கொண்டுவந்தார். அண்ணன் ஒயர்களைச் சொருகி டிவியைப் போட்டான். படம் வந்தது, இசை வந்தது, எழுத்தும் வந்தது. எழுத்து முழுக்க ஜப்பான் எழுத்து. அப்பா கேசட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொம்மைய மட்டும் பாத்துட்டு வாங்கிப்புட்டேனே" என்று அன்றைக்கு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அது வெறுமனே சுட்டுத் தள்ளும் விளையாட்டல்ல, ஒரு நெடுங்கதை. ஒரு பையன் தன் ஊரைவிட்டுக் கிளம்பி, வழியில் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, பொட்டல்களையும் கடல்களையும் குகைகளையும் கடந்து எங்கோ இருக்கும் ஒரு கொடியவனைத் தேடிப் போகிறான். வழியில் எதிர்ப்படுகிறவர்கள் சொல்வதைப் படித்து, அடுத்து எங்கே போவது என்று நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களுக்கோ ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. ஆகவே அண்ணனும் நானும் அதைக் காதால் விளையாடினோம்.

ஊருக்குள் நுழைந்தால் துள்ளலாக, தண்ணீர்க் குழாயடிப் பேச்சு மாதிரி ஒரு மெட்டு. அது கேட்டால் பயமில்லை, யாரும் அடிக்க மாட்டார்கள். ஊரைவிட்டு வெளியே வந்ததும் "பொட்டல் பாட்டு" ஆரம்பிக்கும். அதில் ஒரு குழலோசை நீளமாக இழுத்துக்கொண்டே போகும். அதைக் கேட்கிறபோதெல்லாம் எனக்கு சிங்கம்புணரிக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். திடீரென்று "சண்டைமேளம்" வெடித்தால் மிருகங்கள் வந்துவிட்டன என்று பொருள். விளையாட்டை நிறுத்தும் முன் அதுவரை வந்த தூரத்தைப் பத்திரப்படுத்த ஒரு தாடிக்காரக் கிழவரின் இடத்துக்குப் போக வேண்டும். அங்கே மணியோசை மாதிரி ஓர் இசை வரும். கோவிலூர் மடத்துக்குள் நுழைந்ததும் வருகிற அமைதி அதில் இருந்ததால் அதற்கு "மடம்" என்று பெயர் விழுந்தது. அடிபட்டவர்கள் தங்கி எழுந்திருக்கிற விடுதிதான் "சத்திரம்". உள்ளே நிற்கிற வரைக்கும் அந்த இசை ஓயாமல் சுற்றிச் சுற்றி வரும். படுக்கச் சொன்னால் திரை இருட்டாகும், மெட்டு தன் கடைசிச் சுரங்களைச் சொல்லி முடிக்கும், எழுந்தால் எல்லோருடைய காயமும் ஆறியிருக்கும்.

அந்தப் பெட்டியால் ஒரே சமயத்தில் மிகச் சில ஒலிகளைத்தான் எழுப்ப முடியும் என்று வளர்ந்தபிறகு தெரிந்துகொண்டேன். கையில் இருந்த அந்தச் சொற்ப ஒலிகளை வைத்துக்கொண்டு ஒருவர் எங்களுக்குக் கடலையும் குகையின் ஈரத்தையும் காட்டியிருக்கிறார். படிக்கத் தெரியாத இரண்டு பிள்ளைகளுக்கு வழியும் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

அப்பா திரும்பிப்போன அடுத்த வருடம், வேலையிடத்தில் சாரம் சரிந்து விழுந்து முதுகில் அடிபட்டது. அங்கே ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தவர் கட்டிலில் படுத்தார். இருந்தது ஒரே அறை என்பதால் கட்டிலும் டிவியும் அதிலேயே. அம்மா பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பகுதிக்கு வேலைக்குப் போனாள். காலையில் போனால் விளக்கு வைத்து வெகு நேரம் கழித்துத்தான் வருவாள். அங்கே விற்பனைக்கு நிற்கிற பெண்கள் உட்காரக் கூடாது. வாடிக்கையாளர் வந்தாலும் நிற்க வேண்டும், வராவிட்டாலும் நிற்க வேண்டும். சாப்பாட்டு நேரம் போக மீதி நேரம் முழுக்கக் கால்களின் மேல். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் பாதத்தில் செருப்பு வாரின் தடம் அப்படியே பள்ளமாக இருக்கும்.

வந்தாலும் வேலை முடியாது. அப்பாவுக்குச் சாயந்திரத்துக்கு மேல்தான் வலி கூடும். "இந்தா புள்ள, இங்குட்டு வா" என்பார். தலையணையைச் சரி செய்துவிட்டு அம்மா அடுப்படிக்குப் போயிருப்பாள், மறுபடி கூப்பிடுவார். தண்ணீர் கேட்பார். ஃபேனைக் குறைக்கச் சொல்வார், கூட்டச் சொல்வார். "மாத்திரை போட்டீகளா?" என்று அவள் கேட்பதும், "போட்டேன், கேக்க மாட்டேங்குது" என்று அவர் சொல்வதும் அன்றாடம். வலி கொஞ்சம் அடங்கியிருக்கிறபோது எங்களிடமும் பேச்சுக் கொடுப்பார். படுத்த வாக்கில் அவருக்குத் திரை தெரியாது. "இப்ப எங்குட்டு நிக்கிறீக? பொட்டலா?" என்று இசையை வைத்தே கேட்பார். சரியாகத்தான் இருக்கும்.

அம்மாவுக்கு அந்த விளையாட்டில் எதுவும் புரியாது. ஆனால் சமையலை ஒப்பேற்றிவிட்டு வந்து சுவரில் சாய்ந்து நிற்பாள். "அப்பு, அந்தச் சத்திரத்துப் பாட்டை வையேன்" என்பாள். அண்ணன் எங்கே இருந்தாலும் பக்கத்து ஊருக்குத் திரும்பி, சத்திரத்துக்குள் ஆளைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, விளையாடும் கைப்பிடியைக் கீழே வைத்துவிடுவான். விளையாட்டு அதோடு நிற்கும், மெட்டு மட்டும் ஓடும். கொஞ்ச நேரம் கழித்து அம்மா அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொள்வாள். நான் அவள் கால்விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடுவேன். அந்த முகத்தில் அப்போது வருகிற இளக்கத்தைப் பார்த்து, உலகத்திலேயே அந்த மெட்டு பிடித்தவள் எங்கள் அம்மாதான் என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்ததும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போவதென்று முடிவாயிற்று. போவதற்குள் கதையை முடித்துவிட வேண்டும் என்று அவனுக்கு வெறி. கடைசிக் குகை மிக நீளம். உள்ளே "மடம்" கிடையாது, நடுவில் விட்டால் போனதெல்லாம் போச்சு. கிளம்புவதற்கு முந்தைய நாள் மத்தியானமே ஆரம்பித்துவிட்டான். விளக்கு வைத்த பிறகும் உள்ளேயே நடந்துகொண்டிருந்தான். ஒரு கதவைத் திறந்தான். இசை மாறியது. அதுவரை நாங்கள் கேட்டேயிராத இசை. அடியில் கனமாக ஓர் ஒலி நடந்துவர, மேலே எதுவும் இல்லாமல் வெறுமையாக இருந்தது. ஒரு வார்த்தை படிக்காமலே இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது, கடைசி இடத்துக்கு வந்துவிட்டோம் என்று. 

அன்றைக்கு அப்பாவுக்கு வலி அதிகம். மத்தியானத்திலிருந்தே முனகிக்கொண்டிருந்தார். அம்மா வந்து, அவருக்குக் கஞ்சி கொடுத்து, துடைத்துவிட்டு, எங்கள் பின்னால் வந்து நின்றாள்.

"அப்பு, சத்திரத்துப் பாட்டை வையிப்பா."

"அம்மா, கடைசி இடம்மா! இப்ப விட்டா எல்லாம் போயிரும்!" என்று கத்தினேன்.

கட்டிலிலிருந்து அப்பாவும், "விடு புள்ள, பய ஆடட்டும். நாளைக்கு ஊருக்குப் போறவன்" என்றார்.

அம்மா சுவரில் கையை ஊன்றி நின்றாள். அண்ணன் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பெட்டியின் பொத்தானை அமுக்கினான். அறை ஒரு நொடி நிசப்தமாயிற்று. மடத்தில் பத்திரப்படுத்திய பழைய இடத்திலிருந்து திறந்து, ஊருக்குள் நடந்து, சத்திரத்துக்குள் ஆளை நிறுத்தினான். மெட்டு ஆரம்பித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனிடம் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "போடி" என்றான், அவ்வளவுதான். மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டான்.

அப்பா பிறகு எழுந்து கம்பு ஊன்றி நடந்தார், சில வருடங்கள் இருந்தார், போய்ச் சேர்ந்தார். பின்கட்டை நாங்கள் காலி செய்தபின், அந்த வீட்டைப் பிரித்துத் தூண்களையும் நிலைகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கேம் பெட்டி அந்த வீடு மாற்றத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. அண்ணன் திருப்பூரிலேயே குடும்பமாகிவிட்டான். நான் சிவகங்கையில் ஓர் அலுவலகத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். காலையில் உட்கார இடம் கிடைக்கும், மாலையில் கிடைக்காது. அப்படி நின்றுகொண்டு வந்த ஒரு மாலையில்தான், போனில் தேடி, அந்த விளையாட்டின் இசை மொத்தத்தையும் கண்டெடுத்தேன். நாங்கள் கேட்காமல் விட்ட முடிவு இசையும் அதில் இருந்தது. வெற்றிக் களிப்பான, நீளமான இசை. அடுத்த தெருக் கல்யாணத்து மேளம் மாதிரி, நம் வீட்டோடு சம்பந்தமில்லாமல் கேட்டது. பெரிய வாத்தியக் குழு வைத்துப் புதிதாக வாசித்த சத்திரத்துப் பாட்டை அண்ணனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போனைக் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். காதருகில் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. என்னத்தா இது?"

"சத்திரத்துப் பாட்டும்மா. அண்ணனை வைக்கச் சொல்லிக் கேப்பியே, உனக்கு ரொம்பப் பிடிக்குமே."

அம்மா யோசித்தாள். "எனக்கெங்க பாட்டுத் தெரியுது? அந்தச் சண்டைச் சத்தம் கேட்டா அப்பாவுக்குத் தூக்கித் தூக்கிப் போடும். வாயத் திறந்து சொல்ல மாட்டாக, வாங்கியாந்தது அவுகதானே. இது ஓடுனாத்தான் கண்ணசருவாக. அவுக அசந்தாத்தான் நான் செத்த நேரம் உக்கார முடியும்."

நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. கட்டில் பக்கம் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

"அண்ணனுக்குத் தெரியுமா இது?"

"நான் சொன்னதில்ல. ஆனா அப்பா அசந்ததும் யாரும் சொல்லாமயே சத்தத்தக் கம்மி பண்ணிருவானே" என்றாள்.

போனில் அந்த இசை முடிந்து அடுத்ததாகச் சண்டைமேளம் தொடங்கியது. எட்டி அணைத்தேன். அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து, அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போகத் திரும்பினாள்.

"நான் பாத்துக்கிறேன், நீ உக்காரும்மா."

"உக்காந்துதானத்தா இருக்கேன்" என்றாள், நின்றுகொண்டே.