என் ஒற்றைக் கண்ணில் பூத்த பூஞ்சை

எனக்கு இருந்தது ஒரே ஒரு கண். இடது கண்ணைச் சிறுவயதிலேயே அம்மை கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணும் போக இருந்தபோது அண்ணாமலையார் என்னைக் காத்த விதத்தை, மலை சுற்ற வந்திருக்கிற உங்களிடம் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

அறுபதுகளின் தொடக்கம், தை அறுவடை. மலையடியில் இருக்கும் அடி அண்ணாமலை கிராமத்தில், எங்கள் களத்தில் நெல் அடித்துக்கொண்டிருந்தார்கள். கதிர்க்கட்டை ஓங்கி அடித்தவள் சரசு, என் கொழுந்தன் மனைவி. தெறித்த நெல் ஒன்று நேராக என் கண்ணில் பட்டது. களத்தில் அத்தனை பேர் இருக்க, என் கண்தானா கிடைத்தது? கிணற்றுத் தண்ணீர் முறைக்காகச் சண்டை போட்டு, நானும் அவளும் பேச்சை நிறுத்தியிருந்த சமயம் அது. வேண்டுமென்றே செய்தாள் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன். நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. பால்காரர் எதிரிலேயே பாலை விரலில் தொட்டுப் பார்ப்பேன்.

கண் சிவந்தது. டவுன் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தில் சிவப்பு கம்மியானது. பிறகு கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தோன்றிப் படர்ந்தது. வலி மண்டையைப் பிளந்தது. ஒரு காலையில் வாசலுக்கு வந்தேன். எதிரே மலையைக் காணவில்லை. வெறும் புகை மூட்டம். அங்கேயே உட்கார்ந்து கதறினேன்.

வெளியூர்க் கண் ஆஸ்பத்திரிக்குக் கணவர் அழைத்துப் போனார். டாக்டரம்மா கருவிழியை லேசாகச் சுரண்டி, எடுத்ததை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

"கண்ணுல பூஞ்சை பிடிச்சிருக்கும்மா. அபூர்வமா வர்றது. நெல்லோட வந்திருக்கும். நீங்க போட்ட மருந்து சிவப்பை மறைச்சுட்டு, அதை வளர விட்டுடுச்சு" என்றார்.

ஊறுகாய் ஜாடியில் பூக்கிறது கண்ணில் பூக்குமா? அவர் பேச்சையும் நான் நம்பவில்லை. படுக்கை காலியில்லாததால், புது மருந்தைக் கொடுத்து, மணிக்கொரு தரம் விட வேண்டும், வேறு எதுவும் கண்ணில் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

கணவருக்குக் கழனி வேலை. மருந்து விடுகிறேன் என்று வந்து நின்றவள் சரசு. பேசாதவள் இப்போது ஏன் வருகிறாள்? அவள் விட்ட மருந்து நெருப்பாக எரிந்தது. எதையோ கலக்கிறாள் என்றே நினைத்தேன். மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பினேன். "அண்ணாமலையாரே, என் எதிரி யாருன்னு காட்டு. என் கண்ணைக் குடுத்துடு."

வீட்டில் தீப மை இருந்தது. மலைமேல் கார்த்திகை தீபம் எரிந்த கொப்பரையிலிருந்து எடுத்துப் பிரசாதமாகத் தருவார்கள். அவள் மருந்தைவிட இதுவே மேல் என்று விரலில் வழித்துக் கண்ணருகே கொண்டுபோனேன். சரசு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாமி மையையே தடுக்கிறியாடி, பாவி!"

"மை நெத்திக்குக்கா. கண்ணுக்கு மருந்துதான்" என்று என் விரலை இழுத்து என் நெற்றியிலேயே தேய்த்தாள்.

"அது மருந்தா, விஷமா? முதல்ல உன் கண்ணுல விட்டுக்க, பாக்கலாம்!"

ஸ்ஸ் என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் என் இமையை விலக்கி எனக்கும் விட்டாள். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் நம்பவும் இல்லை.

பங்குனி பிறந்தபோது வலி விட்டிருந்தது. புகை மெல்ல விலகியது. ஒரு நாள், மருந்தோடு என்மேல் குனிந்த முகம் தெரிந்தது. சரசுவின் ஒரு கண் கோவைப்பழமாகச் சிவந்து வீங்கியிருந்தது.

"உன் கண்ணுக்கு இன்னாடி ஆச்சு?"

"எனக்கு விட்டுக்கினுதானேக்கா உனக்கு விடறேன்? நீதானே சொன்னே."

நான் சொன்னது ஒரே ஒரு தடவை. அவள் ஒவ்வொரு தடவையும் விட்டுக்கொண்டிருக்கிறாள்!

எதிரியைக் காட்டச் சொன்னேன். அண்ணாமலையார் சரசுவின் கண்ணைக் காட்டினார். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அவள் கண் சீக்கிரமே தெளிந்தது. என் கருவிழியில் ஒரு தழும்பு நின்றுவிட்டது. அதனால் என்ன, மலை தெரிகிறது.

நம்பிக்கை நிறைந்திருந்தால்தான் சாமியைக் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். நான் சந்தேகத்தோடுதான் கேட்டேன், எனக்கே கொடுத்தார். நீங்களும் கேளுங்கள். அவர் அனுப்பி வருகிறவரின் முகம் பிடிக்கவில்லை என்று மட்டும் கதவைச் சாத்திவிடாதீர்கள்.