களவெடுத்த கடதாசிப் பூ

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் என் கடதாசிப் பூச்செடியைப் பார்க்கிற பார்வை சரியில்லை. துணி காயப்போட வருகிறாள். கண் கொடியில் இல்லை, செடியில்தான் இருக்கிறது. நேற்று ஒரு கிளையை வளைத்து, முற்றியிருக்கிறதா என்றுகூடப் பார்த்துவிட்டாள். ஆடிக் காற்றில் ஹாலிஎல முழுக்கப் புழுதி. புல்லும் கருகிப்போன நேரத்தில், துருப்பிடித்த பால்மா டின்னில் நிற்கும் இந்தச் செடி மட்டும் இலை தெரியாமல் பூத்துக் கிடக்கிறது. யாருக்குத்தான் கை அரிக்காது? இந்தச் சந்தேகக் கண் எனக்குப் பிறவியிலேயே இருந்ததல்ல. என் மாமியாரிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகள் ஒட்டி நிற்கும் லயத்து வாசலில் அவர் வரிசையாக டின்கள் வைத்திருந்தார். மனிதர்களை நம்பமாட்டார், மழையைச் சுத்தமாக நம்பமாட்டார். ஐப்பசியில் மழை பிடித்ததும் லயமே செடிகளை வெளியே எடுத்து வைக்கும். அவரோ தம்முடையதைக் கூரைக்கு அடியில் இழுத்துக்கொள்வார். "மழையில கொழுத்தது வெயில்ல மொதல்ல சாகும்" என்பார். தை பிறந்ததும் ஈவிரக்கமில்லாமல் வெட்டிவிடுவார். பங்குனியில் தேயிலைச் சக்கையும் அடுப்புச் சாம்பலும் போட்டு மண்ணை மூடுவார். ஆனியில் காற்று கிளம்பிய பிறகு, அரிசி கழுவிய தண்ணீரில் எப்போதாவது ஒரு கை, அவ்வளவுதான். கற்றாழை, பட்டுரோஜா, கடதாசிப் பூ என்று தாகம் பொறுக்கிற செடிகளுக்கு மட்டுமே அங்கே இடம். நான் பரிதாபப்பட்டுத் தண்ணீர் ஊற்றியிருப்பேன் என்று, மலையிலிருந்து வந்ததும் கொழுந்துக் கூடையை இறக்குமுன் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். ஈரம் பட்டுவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

அவர் சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. கேட்டு வாங்கிய கொப்பு தழைக்காது, களவெடுத்து நட்டால்தான் பிடிக்கும் என்பது எங்கள் லயங்களில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். அவருடைய கடதாசிப் பூவே துரை பங்களா வேலியில் ஒடித்து வந்ததுதான். ஆகையால் வாசலில் நின்று பேசுகிற யாராக இருந்தாலும் அவர் கண் அவர்களுடைய கையில் இருக்கும். நான் பதுளை டவுனில் வளர்ந்து வந்த மருமகள். என்மேல் இரண்டு கண்ணும். நட்ட குச்சி தன்னிடம் இருக்கும் சத்திலேயே நாலு இலை விடும், அடியில் வேர் இருக்காது, பிறகு வாடிவிடும். அப்படிப்பட்ட குச்சியைக் காட்டி, என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடி சொல்வார்: "துளுக்குறதெல்லாம் வேர் விட்டதுன்னு நம்பிறக் கூடாது."

என் கணவர் ஹாலிஎலயில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கேயே வீடு எடுக்கலாம் என்று முடிவு செய்ததும் அவர்தான். மாமியார் நம்பவில்லை. "டவுன்காரி புள்ளைய பிரிச்சுக் கூட்டிக்கிட்டுப் போறா" என்று லயம் முழுக்கச் சொன்னார். என்னிடம் பேச்சையே நிறுத்திவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அழுகை வந்தது. இப்படியே வண்டி ஏறினால் பிறகு இந்த வாசற்படியை எந்த முகத்தோடு மிதிப்பது என்று பயந்தேன்.

அதுவும் ஒரு ஆடி மாதம். லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலி வற்றி, பவுசர் லொறி வந்தால்தான் குடிக்கவே தண்ணீர். சாமான்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மாமியார் வாளியைத் தூக்கிக்கொண்டு, "நான் பீலிக்குப் போறேன். வர நேரமாகும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். யார் கையிலும் கொடுக்காத அவருடைய செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, கடதாசிப் பூ டின்மேல் கிடந்தது. சந்தேகமே இல்லை, பொறி என்றுதான் நினைத்தேன். மறைந்து நின்று கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறார். ஆனாலும் ஆசை விடவில்லை. முற்றிய கொப்பு ஒன்றை வெட்டி, துணியில் சுற்றி, ஆட்டோ இருக்கைக்கு அடியில் செருகினேன்.

வெறும் வாளியோடு திரும்பி வந்தார். வெட்டுப்பட்ட இடத்தைப் பார்த்தார். என் பக்கம் திரும்பாமலே லயம் கேட்கக் கத்தினார்: "எந்தக் களவாணி சிறுக்கியோ கொப்ப வெட்டிக்கிட்டுப் போயிட்டா! கண்ணு அவிஞ்சா போச்சு ஒங்களுக்கெல்லாம்!" பிறகு மெதுவாக, "போயிட்டு வா புள்ள" என்றார். வண்டி கோயில் வளைவில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. வற்றிய பீலிக்கு எதற்கு வாளி?

பிறகு ஒருமுறை இங்கே வந்தார். வீட்டுக்குள் நுழையுமுன் டின்னுக்குள் விரலை விட்டார்.

"இது ஏது?"

"ஒரு வீட்ல களவெடுத்தேன் அத்தை."

மண் காய்ந்து கிடந்தது. விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "ம்... வேர் விட்டிருச்சு" என்றார். அப்போது அவர் செடியைப் பார்க்கவில்லை.

இப்போது அவர் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் காய்ந்த துணியை மறுபடி காயப்போட்டுக்கொண்டு நிற்கிறாள். நான் கத்தியை எடுத்து டின்மேல் வைத்தேன். "கடைக்குப் போறேன்மா, வர நேரமாகும்" என்று அவள் காதில் விழச் சொல்லிவிட்டுப் பையோடு இறங்கினேன். இன்றைக்குக் கடை பூட்டு. திரும்பி வந்து எப்படிக் கத்துவது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.