பஸ் நிலையச் சுவரில் அம்மா

பெரியப்பா வேட்டி கட்டிக்கொண்டு வந்தால் யாரோ செத்துப்போனார்கள் என்று அர்த்தம். மற்ற நாட்களில் அவர் சாரத்தோடுதான் திரிவார். அன்று காலை அவர் வேட்டியோடு எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"நல்லது புள்ள. இப்பயாவது உனக்கு மனம் வந்திச்சே. தம்பிர காரியத்துக்கு நாள் பாத்திட்டு வாறன்," என்றார் அம்மாவிடம்.

தம்பி என்றது என் அப்பாவை. சண்டைக் காலத்தில் விசாரணை என்று கூட்டிப்போனார்கள், பிறகு வரவில்லை. எனக்கு அவர் முகம் தெரியாது. அம்மா ஒவ்வொரு நாளும் முழுகிவிட்டு நெற்றியில் குங்குமம் வைப்பாள். அவர் இருக்கிறார் என்று ஊருக்கு அவள் சொல்லிவந்த பதில் அது. காரியத்தைச் செய்துவிடுவோம் என்று பெரியப்பா கேட்டுக் கேட்டுக் களைத்திருந்தார்.

"எனக்கு மனம் வந்ததெண்டு ஆர் சொன்ன?" என்றாள் அம்மா.

"ஆர் சொல்ல? டவுனே பாக்குது. பஸ் ஸ்டாண்ட் சுவரில வெறும் நெத்தியோட நீதானே நிக்காய்."

அம்மா சுளகைக் கீழே வைத்தாள்.

வேலை மாமாவுடையது. அம்மாவின் தம்பி, ஓவியம் படித்தவர். டவுன் சுவரெல்லாம் கட்சிக்காரர் முகமும் டியூசன் வாத்திமார் முகமும்தான், இந்த டவுனுக்குச் சோறும் மீனும் கொண்டுவரும் பெண்களின் முகம் எங்கே என்று கேட்டுக்கொண்டு, கூட்டாளிகளோடு அந்தச் சுவரில் கீறிக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்துக் கீற விடியற்காலையில் எங்கள் வீட்டுக்கு வருவார். அம்மா அப்போது இறால் உரித்துக்கொண்டிருப்பாள். முழுகியிருக்கமாட்டாள்.

நான் முதல் நாளே மாமாவோடு போய் அந்த முகத்தைப் பார்த்திருந்தேன். பஸ் உயரம். மூக்குத்தி சாப்பாட்டுக் கோப்பை அளவு. நெற்றியை நான் கவனிக்கவேயில்லை.

"அழிச்சுப்போட்டுத்தான் மறுவேலை," என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். பாலம் தாண்டும்வரை பஸ்ஸில் என் கையை விடவில்லை. அந்த முகத்தை அழித்துவிடுவாளே என்று எனக்குப் பயமாக இருந்தது. ஊரில் எங்களுக்கென்று பெரிதாக இருந்தது அது ஒன்றுதான்.

மாமா ஏணியிலிருந்து இறங்கினார். அம்மா சுவரை நிமிர்ந்து பார்த்தபடி நின்றாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் சுவரையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

"அக்கா, விடியத்தான் உன்னப் பாத்த. அப்பிடியே கீறிட்டன். நான் யோசிக்கல்ல."

மாமாவோடு வேலை செய்த, முடியைக் குட்டையாக வெட்டிய அக்கா ஒருத்தி குறுக்கே வந்தாள். "வெறும் நெத்திதான் அக்கா வடிவு. ஆருட பொஞ்சாதியெண்டு ஏன் நெத்தியில எழுதி வைக்கோணும்?"

பின்னால் வந்த பஸ்ஸில் பெரியப்பாவும் வந்து சேர்ந்திருந்தார். "ஓம், அந்தப் புள்ள சொல்றது சரி. அப்பிடியே கிடக்கட்டும்," என்றார். வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான் குட்டைமுடிப் பெண் ஒருத்தியோடு அவர் ஒத்துப்போனார்.

அம்மா அவளைப் பார்த்தாள். "உனக்குத் தேவையில்ல புள்ள. எனக்கு இன்னும் கணக்குத் தீரல்ல."

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, சிவப்புப் பெயின்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினாள். முழு முகத்தையும் பூசி அழிக்கப்போகிறாள் என்று நினைத்து நான் ஏணியைக் கட்டிப்பிடித்து அழுதேன். மாமா தூரிகையை நீட்டினார். அவள் வாங்கவில்லை. உள்ளங்கையை வாளிக்குள் தோய்த்தாள். அவ்வளவு கிட்ட நின்றால் நெற்றியின் நடு எது என்று தெரியாது. அவளுக்கு முன்னால் தவிட்டு நிறச் சுவர் மட்டும்தான்.

"எங்கடா?"

"இடப்பக்கம் அக்கா. இன்னும் கொஞ்சம். மேல. ஆ, அதிலதான்."

கையை அழுத்தி வட்டமாகச் சுற்றினாள். ஒரு தரம், பின்னும் ஒரு தரம். மிச்சச் சிவப்பு முழங்கை வழியே வழிந்து சட்டைக் கைக்குள் போனது. பெரியப்பா கடைப்பக்கம் நடந்தார்.

அதற்குப் பிறகு நான் படிப்பை விட்டு எத்தனையோ ஊர்களில் வேலை செய்திருக்கிறேன். எவ்வளவோ சுவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த முகம் கீறியிருந்தாலும் கண் முதலில் நெற்றிக்குத்தான் போகிறது.

சுவரில் பொட்டு வைத்த மறுநாள் அம்மா முழுகிவிட்டு வந்து கண்ணாடிக்கு முன் நின்றாள். திருநீறு பூசினாள். குங்குமச் சிமிழைத் தொடவில்லை.

"பொட்டு வைக்கல்லயாம்மா?"

"அதுதான் அங்க வச்சிட்டு வந்தனே," என்று சொல்லி என் தலையை இழுத்துப் பின்னத் தொடங்கினாள். வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னினாள்.

அவ்வளவு பெரிய பொட்டு இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று எனக்கும் பட்டது. பெரியப்பா அடுத்த கிழமை நாள் பார்த்துக்கொண்டு மறுபடி வேட்டியோடு வந்தபோது, அம்மாவே அவருக்கு நாற்காலி எடுத்துப்போட்டாள். இரண்டு பேருக்கும் சண்டை ஓய்ந்ததென்று சந்தோசப்பட்டு நான் விளையாடப் போய்விட்டேன்.