மண்டபம் சொன்ன ஓம்

ராப் குழு தொடங்கிய புதிதில், கொழும்புக் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த நாங்கள் மூவரும் சென்னைத் தமிழில்தான் பாடினோம். ராப் என்றால் அப்படித்தான் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

வெள்ளவத்தை மண்டபமொன்றில் முதல் மேடை. "நாங்க கெத்துதானே? ஆமான்னு சொல்லுங்க!" என்று கத்தினேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒருத்தி எழும்பி, "அண்ணா, ஓம் எண்டு சொன்னாப் போதாதோ?" என்றாள். ஆமாவுக்கு எங்கள் ஊர்ச் சொல் அது. மண்டபமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பீட் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"சரி, நாங்கள் கதைக்கிறது விளங்குதோ?"

"ஓம்!"

"இன்னும் பாடவோ?"

"ஓம்!"

ஒவ்வொரு ஓமும் தாளத்தில் கச்சிதமாக வந்து விழுந்தது.

வீட்டில் நாள் முழுக்கச் சொல்கிற சொல். மேடைக்கு மட்டும் அதைக் கூட்டிவராமல் வந்திருக்கிறோம்! இப்போதெல்லாம் அந்த ஓம் கேட்ட பிறகுதான் எனக்குப் பாட்டே வருகிறது.