கவுண்மேந்துப் பொம்பிளை

2009இல் நான் பிரெபெக்சரில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளிநாட்டவருக்கு வதிவிட அட்டை கொடுக்கும் அரசாங்க அலுவலகம் அது. இரண்டே வருடத்தில், எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் அப்பாவுக்குத் தெரிந்த கடைகளில் எல்லாம் நான் "பிரெஞ்சுக் கவுண்மேந்து" ஆகிவிட்டேன். மரக்கறி வாங்கப் போனால் கறிவேப்பிலையோடு ஒரு ஃபைலையும் நீட்டினார்கள்.

அரசாங்கம் என்றால் ஒரே ஆள் என்று எங்கள் சனம் நினைக்கிறது. உண்மையில் அது மூன்று எழுத்து. ஏ தரத்தில் இருப்பவர் முடிவெடுத்துக் கையெழுத்து வைப்பார். விண்ணப்பித்தவரின் முகத்தை அநேகமாகக் காணமாட்டார். பி தரத்தார் அந்த முடிவுக்குக் காரணம் எழுதுவார்கள். சி தரத்தார் கடதாசி வாங்குவார்கள், முத்திரை குத்துவார்கள், ஏச்சு வாங்குவார்கள். பெரும்பாலும் பரீட்சை எழுதித்தான் உள்ளே வரலாம். வந்துவிட்டால் பென்சன் வரை யாரும் அசைக்க முடியாது. இந்த மூன்றிலும் சேராத ஒரு கூட்டமும் இருந்தது: ஆள் போதாமல், வருடாவருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்கள். நான் அதில் இருந்தேன். சி தரத்தாரின் வேலையைத்தான் செய்தேன், ஏச்சும் குறையாமல் கிடைத்தது.

அப்போதுதான் கூசேன்வில்லில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு விமான நிலையத்தில் வேலை. இரண்டு தரம் சந்தித்துக் கதைத்திருந்தோம், எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் மிச்சமெல்லாம் வெறும் பகிடியாகிவிடும்.

பெண்பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் தகப்பன்தான் கதைத்தார். யாழ்ப்பாணத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்தவர். வடையைத் தொடாமல் அப்பாவை விசாரித்தார். நியமனக் கடிதம் கையில் இருக்கிறதா, இடமாற்றம் வருமா, பென்சன் எத்தனை வயதில். அப்பா எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். எத்தனை வயதில் என்பதற்கும் ஓம் என்றார்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, உத்தியோகம் நிரந்தரமோ?"

அப்பா என்னைப் பார்த்த பார்வை விளங்கியது. ஒரு ஓம் போதும். ஆனால் நாள் முழுக்கப் பொய்க் கடதாசி கண்டுபிடிக்கிற வேலை எனக்கு. வாய் வரவில்லை.

"இல்லை மாமா. கொந்ரா, ஒப்பந்தம்தான். வாற யூன் மாசத்தோட முடியுது. புதுப்பிப்பினமோ தெரியாது."

அவர் மெல்லத் தலையாட்டினார். ஒரு கடதாசி குறைந்த ஃபைலை நானும் அப்படித்தான் திருப்பிக் கொடுப்பேன்.

மூன்றாம் நாள், சாதகம் பொருந்தவில்லை என்று போன் வந்தது. சாதகம் பார்த்த பிறகுதான் அவர்கள் எங்கள் வீட்டுக்கே வந்திருந்தார்கள். மாப்பிள்ளையிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி கூட வரவில்லை.

குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். முகத்தைக் கழுவிவிட்டு வந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். ஊரெல்லாம் ஏன் புளுகித் திரிந்தீர்கள் என்று கேட்டேன். ஏ, பி, சி எல்லாவற்றையும் விளக்கினேன். நான் அதில் ஒன்றிலும் இல்லை, அங்கே நிலம் துடைக்க வருகிற மனிசிக்குக்கூட என்னைவிட நீண்ட ஒப்பந்தம் என்றேன்.

அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"எனக்கு உந்த எழுத்தொண்டும் தெரியாது. நீ வேலை செய்யிற உந்தக் கந்தோரில அட்டைக்காகப் பதினொரு வருசம் லைனில நிண்டனான். கவுண்டர்க் கண்ணாடிக்கு அங்கால ஒராள், இஞ்சால ஒராள். வேற தரம் நான் காணேல்லை. நீ அங்கால இருக்கிறாய். நான் எங்க பிள்ளை புளுகினனான்?"